கிளவ் பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

பழைய அமெரிக்க பிக்கப் வாங்கும் ஆசை இருப்பவர்கள், அதிலும் 1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி10 மேல் கண் வைத்திருப்பவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன வருஷம் நான் 31,500 டாலர் கொடுத்து ஒரு 1972 சி10 வாங்கினேன். ஷார்ட்பெட் என்று சொல்லித்தான் விற்றார்கள். பார்த்தாலும் ஷார்ட்பெட்தான், டேப் வைத்து அளந்தாலும் ஷார்ட்பெட்தான். ஆனால் பிறந்தது லாங்பெட்டாக. நீளமான வண்டியின் சேசிஸை அறுத்து, குறுக்கி, வெல்டிங் வைத்து, மேலே கறுப்பு பூசி என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இந்தப் பைத்தியம் பிடிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பெட் என்பது பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி. இந்த மாடலில் ஆறரை அடி, எட்டு அடி என்று இரண்டு நீளம் உண்டு. ஆறரை அடி வண்டிக்கு முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை 115 அங்குலம், எட்டடி வண்டிக்கு 127. அந்தக் காலத்தில் பண்ணைக்காரர்களும் தச்சர்களும் உழைப்புக்கு வாங்கிய வண்டி இது, அதனால் எட்டடிதான் ஊரெங்கும் கிடக்கிறது. இன்றைக்கு வாங்குகிற நாங்கள் யாரும் வைக்கோல் ஏற்றப் போவதில்லை. அம்சமாக நிற்கிற குட்டை வண்டிதான் எல்லோருக்கும் வேண்டும். ஒரே வருஷம், ஒரே என்ஜின், ஒரே நிலையில் இருந்தாலும் குட்டைக்குப் பல ஆயிரம் டாலர் கூட. அந்த வித்தியாசத்தில் சிலர் பிழைப்பு நடத்துகிறார்கள்.

நான் இருப்பது டாலஸ் பக்கம். வண்டி டென்னசியில், பழைய வண்டிகளைக் கமிஷனுக்கு விற்றுத்தரும் ஒரு கடையில் நின்றது. 92 படங்கள் போட்டிருந்தார்கள். விற்பனையாளர் அவ்வளவு தன்மையான மனிதர். துரு இருக்கிறதா, பட்டி பார்த்து மறைத்திருக்கிறதா என்று கேட்டேன். கேபினின் கீழ் மூலைகளிலும் கதவுக்குக் கீழே உள்ள தகட்டிலும் காந்தத்தை ஒட்டிக் காட்டி வீடியோ அனுப்பினார். என்ஜின் எண்ணைக் கேட்டேன். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள சின்னத் தளத்தைத் துணியால் துடைத்து அதையும் படமெடுத்து அனுப்பினார். கேட்டதையெல்லாம் கொடுத்தார். நான் கேட்காமல் விட்டதில்தான் விஷயம் இருந்தது.

வண்டி எண்ணை ராத்திரி உட்கார்ந்து பிரித்துப் படித்தேன். 1981க்கு முந்தைய வண்டிகளுக்கு இப்போதுள்ள 17 இலக்க எண் கிடையாது, அதனால் வழக்கமான வரலாற்று அறிக்கைகள் இங்கே உதவாது. 1972 செவர்லேக்கு 13 இலக்கம். என்னுடையது சிசிஇ142 என்று ஆரம்பித்தது. செவர்லே, இரண்டு சக்கர உந்து, வி8 என்கிற எட்டு சிலிண்டர் என்ஜின், அரை டன், பிக்கப், 1972. எல்லாம் சரியாக வந்ததும் பரீட்சையில் பாஸான மாதிரி சந்தோஷம். அந்த எண் எல்லாவற்றையும் சொல்லும், பெட் எவ்வளவு நீளம் என்பதை மட்டும் சொல்லாது. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

நீளத்தைச் சொல்வது ஒரு காகிதம். டாஷ்போர்டில் சின்னச் சாமான் வைக்கும் பெட்டிதான் கிளவ் பாக்ஸ், அதன் கதவின் உள்பக்கம் கம்பெனியிலேயே ஒட்டிய ஸ்டிக்கர். வண்டி எண், மாடல் எண், அச்சு இடைவெளி, அன்றைக்குக் கேட்டு வாங்கிய கூடுதல் வசதிகள் எல்லாம் அதில் இருக்கும். தட்டையான பக்கம் கொண்ட ஃப்ளீட்சைட் வி8 வண்டி என்றால், ஷார்ட்பெட்டுக்கு சிஇ10734, லாங்பெட்டுக்கு சிஇ10934. ஒரே ஓர் இலக்கம்தான் வேறு. என் வண்டியின் 92 படங்களில் கிளவ் பாக்ஸ் ஒன்றில் இருந்தது, மூடியபடி. பிறகு பேச்சுவாக்கில், கீல் உடைந்ததால் கதவைப் புதிதாக மாற்றிவிட்டோம் என்றார் விற்பனையாளர். நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன்!

தொலைபேசியில் கேட்கத்தான் செய்தேன், கம்பெனி ஷார்ட்பெட்தானா என்று. "ஆமாம் சார், எல்லாமே ஒரிஜினல்." விளம்பரத்தில் இருந்தது வெறும் ‘ஷார்ட்பெட்’. அந்த ஒரு பதிலை மின்னஞ்சலில் வாங்கியிருந்தால் கதையே வேறு.

பணம் வங்கி வழியாகப் போனது, எட்டாம் நாள் வண்டி டிரெய்லரில் வந்தது. மஞ்சளும் வெள்ளையும், பக்கவாட்டில் ஷயென் என்ற எழுத்து. நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன். ஒரு சுற்றுப் போனோம். "ஏங்க, பெட்ரோல் வாசம் அடிக்குதே" என்றார் மனைவி. பெருமையாக விளக்கினேன்: இந்த மாடலில் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் நிற்கும், 1973இல் புது மாடல் வந்தபோதுதான் வெளியே கொண்டுபோனார்கள். "அப்போ நம்ம முதுகுக்குப் பின்னாடி பெட்ரோலா?" என்று கேட்டவர், அதோடு அந்த வண்டியில் ஏறவில்லை. சரி, அது கடைக்காரர் தப்பு இல்லை.

ஒரு மாதம் கழித்து ஆயில் மாற்றப் படுத்தபோதுதான் பார்த்தேன். பார்க்கிங் பிரேக் கேபிள் நேராகப் போகாமல், மிச்சம் விழுந்த துணிக்கொடி மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டியிருந்தது. கம்பெனியில் இவ்வளவு நீளமாகவா விட்டிருப்பார்கள்? படமெடுத்து, இந்த வண்டிகளிலேயே தலை நரைத்த மெக்கானிக் ஒருவருக்கு அனுப்பினேன். பெரியவர் பதில் போடவில்லை, மறுநாள் காலையில் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

வண்டிக்கு அடியில் போய், கேபின் முடிகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால், தார் மாதிரி தடியாகப் பூசியிருந்த கறுப்பை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். பழைய தோசைக்கல்லில் ஒட்டிய அடைபோல ஏடு ஏடாக வந்தது. உள்ளே மேலிருந்து கீழாக நேர்கோடாக ஒரு வெல்டிங். மேல்பக்கம் சாணை பிடித்து வழவழவென்று இருந்தது, கீழ்ப்பக்கம் ஊசி குத்தின மாதிரி பொத்தல்கள். என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். எதிர்ப்பக்கமும் அதே இடத்தில் அதே கோடு. பக்கத்தில் ஓடிய பிரேக் குழாயை அங்கேயே வெட்டி, இறுக்குத் திருகு போட்டு இணைத்திருந்தார்கள். பின் அச்சுக்குப் பின்னாலும் ஒரு வெட்டு. நடுவில் 12 அங்குலம், பின்னால் எட்டு. மொத்தம் 20 அங்குலச் சேசிஸை எடுத்துவிட்டு, புதிதாகச் செய்து விற்கும் ஆறரை அடித் தொட்டியை மேலே உட்காரவைத்திருந்தார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லாங்பெட்டைக் குறுக்குவது குற்றமில்லை. பலர் வீட்டு ஷெட்டிலேயே செய்கிறார்கள், அதற்குத் தனி கிட் விற்கிறது. ஒழுங்காகச் செய்கிறவர் நேராக அறுப்பதில்லை, படிக்கட்டு மாதிரி அறுத்து இணைப்பார், இல்லையென்றால் உள்ளே பட்டை கொடுத்து வலுவாக்குவார். விற்கும்போது சொல்லியும் விற்பார். விலையும் அதற்கேற்ப இருக்கும். என் வண்டியில் பட்டையும் இல்லை, படியும் இல்லை. "இதில் பாரம் ஏற்றினாயா?" என்று மட்டும் கேட்டார் பெரியவர். இல்லை என்றேன். "ஏற்றாதே."

கடையைக் கூப்பிட்டேன். தன்மையான மனிதர் அன்றைக்கு மீட்டிங்கில் இருந்தார். மறுநாளும். மூன்றாம் நாள் அவருடைய மேலாளர் பேசினார்: நாங்கள் விற்றுக் கொடுப்பவர்கள்தான், வண்டி எங்களுடையது அல்ல, உள்ளது உள்ளபடி வாங்குவதாக நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். உண்மைதான். கைபேசியில் விரலால் தள்ளித்தள்ளி நான் கையெழுத்திட்ட 11 பக்கத்தில் ஆறாவது பக்கம். வக்கீலிடம் போனேன். டெக்ஸாஸில் 20,000 டாலர் வரை சிறு வழக்கு நீதிமன்றத்திலேயே கேட்கலாம், ஆனால் டென்னசிக் கடையை இங்கே இழுத்துவருவதே தனி வழக்காகிவிடும் என்றார். ‘ஒரிஜினல்’ என்று வாயால் சொன்னதற்குச் சாட்சி யார் என்றும் கேட்டார்.

பழைய கதவை நான் கேட்டபோது குப்பையில் போட்டாகிவிட்டது என்றார்கள். கிளவ் பாக்ஸ் கதவு இல்லை என்றால், மாற்றிவிட்டோம் என்றால், அதை லாங்பெட் என்றே வைத்து விலை பேசுங்கள். ஸ்டிக்கர் இருந்தாலும் அதிலுள்ள எண்ணும் கதவுச் சட்டத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், ஏனென்றால் புது ஸ்டிக்கரும் அச்சடித்து விற்கிறார்கள். ஷயென் எழுத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அது 1971இல் வந்த உயர்தர வகை, ஆனால் எழுத்தும் பட்டையும் புதிதாகவே வாங்கி யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். மைல் மீட்டரில் ஐந்து இலக்கம்தான். என்னுடையது 61,000 காட்டுகிறது, 1,61,000 ஆகவும் இருக்கலாம். முக்கியமாக, அந்த ஊரிலேயே ஒரு மெக்கானிக்கைப் பிடித்து 300, 400 டாலர் கொடுத்து அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் அந்தக் காசை மிச்சம் பிடித்தேன்.

சேசிஸை மறுபடி பிரித்துச் சரியாக வெல்டிங் வைக்க 4,200 டாலர் ஆனது. மூன்று மாதம் கடிதம் போட்டுப் போட்டு, கடைசியில் கடை 2,000 திருப்பித் தந்தது. அதை வாங்க ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், அவர்கள் பெயரை எங்கேயும் சொல்லக் கூடாது என்று. இந்த முறை எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் போட்டேன். அதனால் தயவுசெய்து கடைப் பெயர் கேட்டுத் தனிச்செய்தி அனுப்பாதீர்கள். வாங்கப்போகிற வண்டியின் அடிப்பக்கப் படம் இருந்தால் அனுப்புங்கள், நானும் பெரியவரும் பார்த்துச் சொல்கிறோம்.