எட்டு வருடமாக மெட்டோப்ரோலால், அதில் விட்டுப்போன நான்கு நாள்

2017 நவம்பரில் எனக்கு ஹார்ட் அட்டாக் வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது வயது 49. டிஸ்சார்ஜ் சீட்டில் ஏழு மாத்திரை, அதில் ஒன்று மெட்டோப்ரோலால் சக்சினேட் 25 மில்லிகிராம், இரண்டு மாதத்தில் 50 ஆக்கினார்கள், இன்றுவரை அதே 50தான். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை வீட்டில் எல்லாரும் பயத்தோடு பார்த்தார்கள், கொலஸ்ட்ரால் மாத்திரையைப் பற்றி சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள், இந்த மெட்டோப்ரோலாலைப் பற்றி, அதாவது இதயத் துடிப்பையும் பி.பி.யையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் அதை சாதாரணமாகத்தான் நினைத்தேன். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

முதல் ஒரு மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. மாடிக்குத் துணி காயப்போட ஏறினால் பாதியிலேயே கால் கனத்துவிடும். காலையில் பாத்திரம் தேய்க்கும்போது விரல் நுனியெல்லாம் ஜில்லென்று மரத்த மாதிரி இருக்கும், ராத்திரியில் கண்டபடி கனவு. எல்லாம் இந்த மாத்திரையால் வரக்கூடியதுதான், உடம்பு பழகும் என்றார் டாக்டர். ஆறேழு வாரத்தில் கனவும் அசதியும் குறைந்தன. விரல் ஜில்லிப்பு மட்டும் மார்கழியில் இன்னும் உண்டு.

இப்போது அந்த நான்கு நாள் கதைக்கு வருகிறேன். 2020 ஜனவரி, பொங்கலை ஒட்டி குலதெய்வக் கோயிலுக்கு ஊருக்குப் போனோம். மாத்திரைப் பை சாமி அலமாரி மேலேயே இருந்துவிட்டது. மற்ற மாத்திரைகளை அங்கே இருந்த மெடிக்கலில் வாங்கிக்கொண்டோம், இது மட்டும் அவர்களிடம் இல்லை. இரண்டு நாள் எதுவுமே தெரியவில்லை, இன்னும் சொன்னால் நன்றாகவே இருந்தது, கை சூடாக இருந்தது, நடையில் ஒரு சுறுசுறுப்பு. இந்த மாத்திரை இல்லாமலே நல்லாத்தானே இருக்கோம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். நான்காம் நாள் சாயங்காலம் பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்ததும் நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போட்டு இடிக்கிற மாதிரி அடித்தது. கூடவே நடு நெஞ்சில் இறுக்கம், தாடை வரைக்கும். பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நாடி 128, பி.பி. 180/104. இசிஜி எடுத்துக்கொண்டே டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஏதாவது மாத்திரையை நிறுத்துனீங்களாம்மா?" ஒரு ராத்திரி வைத்திருந்து பார்த்தார்கள். மறுபடி அட்டாக் வரவில்லை, தப்பித்தேன்.

காரணத்தை அவர்தான் விளக்கினார். அட்ரினலின் என்பது இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும் ஹார்மோன், அது வந்து ஒட்டும் இடங்களை இந்த மாத்திரை அடைத்து வைத்திருக்கிறது. மாதக்கணக்கில் அடைத்து வைத்தால் இதயம் அந்த மாதிரி இடங்களைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்ளும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் கூடிப்போன அத்தனை இடத்திலும் அட்ரினலின் ஒரே நேரத்தில் வேலை செய்யும். அதனால்தான் நெஞ்சுவலி, படபடப்பு, சிலருக்கு அட்டாக்கே கூட வருகிறது. நிறுத்தியே ஆக வேண்டும் என்றாலும் டாக்டர் சொல்கிறபடி ஒன்றிரண்டு வாரமாவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டுமாம். அன்றிலிருந்து ஒரு அட்டை கைப்பையில், ஒரு அட்டை வீட்டுக்காரர் பையில், ஒன்று வீட்டில். ஒருவேளை மறந்துவிட்டால் அன்றைக்கே ஞாபகம் வந்ததும் போடுகிறேன், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுகிறேன். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.

மெடிக்கல் ஷாப்பிலும் ஒரு தடவை ஏமாந்தேன். பெயர் அதேதான், 50ம் அதேதான், ஆனால் அட்டையில் மெதுவாகக் கரையும் வகை என்று காட்டும் 'ஈஆர்' என்ற இரண்டு எழுத்து இல்லை, சக்சினேட்டுக்குப் பதில் டார்ட்ரேட் என்று இருந்தது. 'எல்லாம் ஒண்ணுதாம்மா' என்றார் கடைக்காரர். ஒன்றல்ல. நான் போடுவது நாள் முழுக்க மெதுவாகக் கரைகிற வகை, மற்றதன் வேலை சீக்கிரம் முடிந்துவிடுவதால் அதை வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு வேளை கொடுப்பது. மெதுவாகக் கரைவதைக் கடித்தோ பொடித்தோ விழுங்கக்கூடாது, நடுவில் கோடு இருந்தால் அந்தக் கோட்டில் உடைக்கலாம், அவ்வளவுதான். வயதானவர்களுக்கு மாத்திரையை இடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிற பழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு, தயவுசெய்து இதை அப்படிக் கொடுக்காதீர்கள்.

எனக்கு சுகரும் உண்டு, கிளிமிபிரைட் போடுகிறேன். சுகர் இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அதை வைத்துத்தான் நாம் கண்டுபிடிப்போம். பீட்டா பிளாக்கர் அந்த இரண்டையும் மறைத்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை விரதத்தில் மதியம் வரை சும்மா இருந்தேன், படபடப்பே இல்லை, ஆனால் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தும் ரவிக்கை முதுகு முழுக்க நனைந்து ஒட்டிக்கொண்டது. மீட்டரில் பார்த்தால் 58. வியர்வையை மட்டும் இந்த மாத்திரை மறைக்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தது அப்போதுதான் உறைத்தது. காரணமில்லாமல் வியர்த்தால் இப்போது உடனே சுகர் பார்க்கிறேன். விரதத்தையும் டாக்டரிடம் சொல்லிவிட்டேன், அந்த நாட்களுக்கு சுகர் மாத்திரை அளவை மாற்றித் தந்தார்.

சித்தி மகள் ஒருத்தி, வீசிங் உள்ளவள், பரீட்சை சமயத்தில் கேட்டாள், "அக்கா, உன்கிட்டதான் படபடப்பு மாத்திரை இருக்கே, ஒண்ணு குடேன்." கொடுக்கவில்லை. பீட்டா பிளாக்கர் மூச்சுக்குழாயை இறுக்கிவிடக்கூடும். ப்ரோப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் மாதிரி பெரும்பாலும் இதயத்தில் வேலை செய்பவற்றைக்கூட டாக்டர் மேற்பார்வையில்தான் கொடுப்பார்கள்.

தினமும் காலையில் காபிக்கு முன்னால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து மணிக்கட்டில் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணி காலண்டரில் குறிக்கிறேன். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரும் நாடி காட்டும். எனக்கு 58லிருந்து 64 வரை இருக்கும். 50க்குக் கீழே போனாலோ தலை சுற்றினாலோ மாத்திரை போடும் முன் போன் செய்யச் சொல்லியிருக்கிறார் டாக்டர். முட்டிவலிக்கு நானாக வலி மாத்திரை வாங்குவதில்லை, அவற்றில் பல பி.பி.யை ஏற்றும். சளி மாத்திரையில் மூக்கடைப்புக்குச் சேர்க்கும் ஃபினைல்எஃப்ரின் இருக்கிறதா என்று கேட்டு, இல்லாததாக வாங்குகிறேன், அதுவும் பி.பி.யை ஏற்றக்கூடியது. கண் அழுத்தத்துக்குப் போடும் டைமலால் சொட்டு மருந்தும் பீட்டா பிளாக்கர்தான், அதனால் கண் டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் முதலில் என் மருந்துச் சீட்டைத்தான் நீட்டுகிறேன்.

போன வருடம் மகன் ஒரு செய்தி அனுப்பினான், அட்டாக் வந்தவர்களுக்கு பீட்டா பிளாக்கர் தேவையே இல்லையாம் என்று. எடுத்துக்கொண்டு டாக்டரிடமே போனேன். 2024இல் வந்த அந்த சுவீடன் ஆய்வு இதயத்தின் பம்பிங் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களைப் பற்றியதாம். எனக்கு அட்டாக்குக்குப் பிறகு எக்கோவில் 38தான் இருந்தது, இப்போது 46. "உங்களுக்கு இது வேணும்மா, உங்க மகனைக் கூட்டிட்டு வாங்க, நானே சொல்றேன்" என்றார். அடுத்த மாதம் எக்கோவுக்கு அவனும் வருகிறான்.