யாழ்ப்பாணத்துக்குப் பந்து கொண்டுபோக: பழசா, புதுசா, பணமா?

நாகப்பட்டினத்திலிருந்து கப்பல், திருச்சியிலிருந்து விமானம் என்று வழி திறந்த பிறகு, நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கைப்பந்து, கால்பந்து ஆட்கள் நாலைந்து பேர் சேர்ந்து யாழ்ப்பாணத்துப் பள்ளி ஒன்றில் பத்துப் பதினைந்து நாள் தங்கிப் பயிற்சி கொடுத்துவிட்டு வருவது ஒன்றும் எட்டாத காரியம் இல்லை. தங்குவதற்கு ஏதாவது ஏற்பாடு ஆகிவிடும், சாப்பாட்டுக்கும் குறை இருக்காது. குழப்பம் எல்லாம் பொருளில்தான். வெறுங்கையோடு போக மனசு வராது, எதைக் கொண்டுபோவது என்பதில் ஆளுக்கு ஒரு கட்சி. ஊரெல்லாம் சொல்லிப் பழைய சாமான்களைத் திரட்டலாம் என்பார் ஒருவர். பட்டியல் போட்டு ஆளுக்கு ஒரு பொருள் புதுசாக வாங்கித் தரச் சொல்லலாம் என்பார் இன்னொருவர். எதற்கு இந்தப் பாடு, பணமாக வாங்கிக்கொண்டு போய் அங்கே கடையிலேயே வாங்கிக் கொடுத்துவிடுவோம் என்பார் மூன்றாமவர்.

எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்து எதுவானாலும் புதுசு. ராக்கெட், பயிற்சிக்குத் தரையில் வைக்கும் கோன், நெட் இதெல்லாம் பழசாக இருந்தால் போதும். உடுப்பு அங்கேயே தைத்துக்கொள்ளட்டும். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

பழைய சாமான் கட்சிக்குத்தான் ஆதரவு அதிகம், அது நியாயமும்கூட. பணம் கேட்டால் யோசிக்கிறவர், "தம்பி, பரண்ல ஒரு பேட் கிடக்கு, வந்து எடுத்துட்டுப் போ" என்று தானாகவே கூப்பிடுவார். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டால் போதும், ஒரு வாரத்தில் வீட்டுத் திண்ணை நிறைந்துவிடும். நிறைவது எதனால் என்பதுதான் பிரச்சினை. கொடுப்பவர் வீட்டில் எது கிடக்கிறதோ அதுதான் வரும், வாங்குபவருக்கு எது வேண்டுமோ அது வராது. நம் பக்கம் எந்த வீட்டுப் பரணிலும் இருப்பது டென்னிஸ் பால் கிரிக்கெட் பேட். அங்கே பள்ளிகளில் ஆடுவது லெதர் பந்து. யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் பெரிய ஆட்டம் இருக்கிற ஊர் அது. டென்னிஸ் பால் பேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, பையன் அதில் லெதர் பந்தை நாலு அடி அடித்தால் பிளந்துகொள்ளும். எடையும் ஒன்று ஒரு கிலோ போல வரும். நீளம் 96.5 சென்டிமீட்டர் வரை போகும், சாதாரணப் பெட்டியில் படுக்காது, தனிக் கட்டாகத்தான் கட்டவேண்டும். ஆகவே பேட் வேண்டாம் என்று செய்தியிலேயே போட்டுவிடுவது நல்லது. போட்டாலும் வரும், அது வேறு.

வலைப்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள், கூடைப்பந்து மாதிரி வளையத்தில் போடும் நெட்பால் ஆட்டம். இலங்கையில் பெண் பிள்ளைகள் பள்ளிகளில் பரவலாக ஆடுவது அது. தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பெண்தான், ஆறடி பத்து அங்குல உயரம், 2018-ல் ஆசியக் கோப்பையை வென்ற இலங்கை அணியில் ஆடியவர். அவரைப் பார்த்து ஆட வந்த பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். தஞ்சாவூரில் வீடு வீடாக ஏறி இறங்கினாலும் ஒரு வலைப்பந்து தேறுமா? தேறாது. அங்கே உள்ள ஒரு பி.டி. ஆசிரியரிடம் போனில் கேட்டபோது அவர் சொன்னது இது: "அண்ணை, மட்டை கனக்க இருக்கு. பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பந்துதான் இல்லை." கனக்க என்றால் அங்கே நிறைய என்று அர்த்தம். திரட்டத் தொடங்கும் முன்பே இந்த ஒரு போனைப் போட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம். என்ன ஆட்டம், எத்தனை பிள்ளைகள், எந்த வயது, மைதானம் மண்ணா புல்லா என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் வாட்ஸ்அப்பைத் திறக்கலாம். வயதைக் கேட்பது முக்கியம்; பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஐந்தாம் அளவுக் கால்பந்து பெரிசு, நாலாம் அளவுதான் சரி.

பழசில் எது தேறும், எது தேறாது என்பதற்கு வருவோம். கைப்பந்து நம் டெல்டாவில் எங்கே ஆடப்படுகிறது? தை அறுவடை முடிந்த வயலில், அடித்தாள் குத்துகிற தரையில், கோயில் திடலில், மின்னொளிப் போட்டிகளில். அங்கே ஒரு சீசன் உருண்ட பந்தின் தோல் மழித்ததுபோல் ஆகியிருக்கும், ஒட்டு விட்டிருக்கும். காற்று அடித்துப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். வால்வு ஓரத்தில் குமிழி வரும். வராவிட்டாலும் ஒரு ராத்திரி அப்படியே வைத்துக் காலையில் அழுத்திப் பார்க்கவேண்டும். இன்னொரு சோதனை, தரையில் வைத்துச் சுழற்றுவது: கோணலாக ஆடினால் உருவம் கெட்டுவிட்டது என்று அர்த்தம், அதில் சர்வீஸ் கற்றுக்கொடுக்க முடியாது. கைப்பந்து 260 முதல் 280 கிராம் இருக்கவேண்டும், தைத்த பழைய பந்து ஈரம் குடித்துக் குடித்து அதற்கு மேல் போயிருக்கும். இலங்கைக்குத் தேசிய விளையாட்டே கைப்பந்துதான், 1991-ல் அறிவித்தார்கள். அங்கே போய் உப்பிய பந்தைக் கொடுத்துப் பயிற்சி என்றால் பிள்ளைகளே சிரிக்கும்.

ஹெல்மெட் எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும் வேண்டாம். ஒரு தடவை பலமாக அடி வாங்கியதா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. காலில் கட்டும் பேடு, கிளவுஸ் உள்ளே ஸ்பஞ்ச் கல்லாகியிருந்தால் அதுவும் வேண்டாம். ஷூ வாங்கலாம், ஆனால் கழுவிக் காயவைத்த ஷூ. வண்டல் ஒட்டிய ஸ்பைக்கை அப்படியே பெட்டியில் போட்டால் சுங்கத்தில் நிற்கும், வெளிநாட்டு மண்ணைப் பெரும்பாலான நாடுகள் உள்ளே விடுவதில்லை. பழைய டூத் பிரஷ், ஒரு வாளி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான் வேலை. ஆனால் அதைச் செய்ய ஆள் வரமாட்டார்கள், சாமான் கொடுக்க வருகிற கூட்டம் ஷூ கழுவ வராது.

ராக்கெட் மட்டும் தங்கம். பாட்மின்டன் ராக்கெட் ஒன்று நூறு கிராம்கூட வராது, பத்து ராக்கெட் ஒரு கிலோ. நரம்பு அறுந்திருந்தால் இங்கேயே கட்டிக்கொள்ளலாம், பிரேமில் கீறல் இல்லை என்றால் போதும். இறகுப் பந்து வேண்டாம், வழியிலேயே நசுங்கும், நைலான் போதும்.

அப்புறம் ஜெர்சி. நம் பக்கம் எந்தப் போட்டிக்கும் ஜெர்சி அடிப்பது வழக்கம், அதில் உபயம் செய்தவர் படம், அவர் கட்சித் தலைவர் படம், சில ஊரில் சாதித் தலைவர் படம்வரை இருக்கும். கொடுக்கிறவர்களுக்கு இது உறைக்காது. இன்னொரு பெரிய தொல்லை புலி. சோழர் கொடி என்று தஞ்சாவூர்ப் பக்கத்துக் கபடி அணிகள் நெஞ்சில் புலிப் படம் போட்டுக்கொள்வது சகஜம். அதை மூட்டையில் வைத்துக்கொண்டு காங்கேசன்துறையில் இறங்கினால் அது சோழன் புலி என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மிலிட்டரிப் புள்ளி போட்ட துணியும் அந்த ரகம்தான். இதெல்லாம் போக, ஆடை தைத்து ஏற்றுமதி செய்து பிழைக்கும் நாட்டுக்கு நாம் பழைய பனியன் சுமந்துபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை.

அரசுப் பள்ளியிலோ ஊராட்சியிலோ கேட்காதீர்கள். 2024 முதல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வந்தது, பல ஊர்களில் பிரிக்காமல்கூட இருக்கலாம். "சும்மாதானே கிடக்கு, எடுத்துக்கங்க" என்று யாராவது சொன்னாலும் கை வைக்கக்கூடாது. அது இருப்புப் பதிவேட்டில் ஏறிய அரசுப் பொருள், நாளைக்குக் கணக்கு கேட்டால் நல்ல மனசோடு கொடுத்த பி.டி. ஆசிரியர்தான் மாட்டுவார்.

சரி, பட்டியல் வழி. இதில் கூட்டம் குறையும், ஆனால் வருவது எல்லாம் உபயோகப்படும். ஒருவர் இரண்டு கைப்பந்து, ஒருவர் ஒரு நெட், ஒருவர் இரண்டு டஜன் கோன் என்று பங்கு பிரித்துக்கொள்வார்கள். ஒரே சங்கடம், ஆளாளுக்கு ஆன்லைனில் வாங்கினால் ஒருவர் வாங்கியது தோல் மாதிரி, இன்னொருவர் வாங்கியது ரப்பர் என்று ஆறு பந்து ஆறு விதமாக வந்து நிற்கும். பயிற்சிக்கு ஒரே மாதிரிப் பந்துதான் வேண்டும். ஆகவே எந்த மாடல் என்றுகூட எழுதிவிடுங்கள். இல்லையென்றால் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ ஒரு கடைக்காரரிடம் பேசி, பணத்தை அவரிடமே கட்டச் சொல்லிவிடலாம். கால்பந்து, கைப்பந்து ஜலந்தர் சரக்கு, கிரிக்கெட் சாமான் மீரட் சரக்கு. மொத்தமாக எடுத்தால் கடைக்காரர் விலை குறைத்துத் தருவார், அங்கிருந்து வரவழைக்க ஆகும் நாளையும் அவரே சொல்லிவிடுவார். வலைப்பந்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும், அலமாரியில் இருக்காது.

பணம் கணக்குக்கு எளிது, கைக்குச் சுமை இல்லை, அங்கே உள்ள கடைக்காரருக்கும் வியாபாரம். 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையிலும் யூபிஐ செல்லுகிறது, கியூ.ஆர். வைத்திருக்கும் கடையில் நம் போனிலிருந்தே கட்டலாம். குறை என்னவென்றால் அங்கே விளையாட்டுச் சாமான் பெரும்பாலும் இறக்குமதி, வரி சேர்ந்து விலை ஏறியிருக்கும். நம் ரூபாய்க்கு இங்கே எட்டுப் பந்து வருகிற இடத்தில் அங்கே ஐந்தோ ஆறோ. இதைவிடப் பெரிய குறை, பணம் நம்மூரில் அவ்வளவு சுலபமாகத் திரளாது. தெரிந்தவரே என்றாலும் "கணக்கு யார்கிட்ட?" என்ற கேள்வி வரும், வரவேண்டியதுதான். பேராவூரணிப் பக்கம் மொய் நோட்டு எழுதுகிற மாதிரி பெயர், ஊர், தொகை என்று வரி வரியாக எழுதி, வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிட்டால் பேச்சு அடங்கும். வாங்கிய பில்லையும் அதிலேயே போடுங்கள். என் கணக்கில் பணம் மூன்று காரியத்துக்கு மட்டும்: அங்கே தைக்கும் உடுப்பு, வலைப்பந்துக் கம்பம் அடிக்க ஆகும் வெல்டிங் கூலி, கப்பலில் கூடுதல் எடைக்குக் கட்டவேண்டியது. கம்பம் 3.05 மீட்டர் உயரம், பின்பலகை கிடையாது, ஒரு வளையம் மட்டும். எந்த வெல்டிங் பட்டறையிலும் அடித்துவிடலாம், இங்கிருந்து தூக்கிப்போக யாரும் நினைக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இனி ஏற்றிக்கொண்டு போவது. பெரிய செலவும் பெரிய வித்தியாசமும் இங்கேதான். கூரியரில் அனுப்ப நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60, 45, 45 சென்டிமீட்டர் பெட்டியில் காற்றோடு ஐந்தாம் அளவுக் கால்பந்து எட்டுதான் நிற்கும். உண்மையான எடை மூன்றரைக் கிலோ. கூரியர்காரர் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுப்பார், 24 கிலோவுக்கு மேல் வரும், அதற்குத்தான் பில். காற்றைத் தானம் வாங்கி காற்றுக்கே கப்பம் கட்டுகிற கதை. அதே பெட்டியில் காற்றை இறக்கி, ஒரு பாதியை மறுபாதிக்குள் அமுக்கிக் கிண்ணம் மாதிரி அடுக்கினால் முப்பது பந்துக்கு மேல் போகும். காற்றை இறக்கும்போது ஊசியை எச்சிலோ கிளிசரினோ தொட்டு நுழைக்கவேண்டும், காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். பம்ப் ஒன்று, ஊசி ஒரு பத்துப் பன்னிரண்டு தனியாக வையுங்கள். ஊசி உடைந்தால் முப்பது பந்தும் தோல்தான். கார்பன் டை ஆக்சைடு குப்பி வைத்துக் காற்றடிக்கும் பம்ப், பாட்டரி பம்ப் எல்லாம் வேண்டாம், விமானத்தில் வீண் விவாதம்; கைப் பம்ப் எதற்கும் நிற்கும்.

விமானத்தில் 2025 மார்ச் இறுதியில் திருச்சி-யாழ்ப்பாணம் நேராகவே தொடங்கியது, ஆனால் அது இறக்கை விசிறி சுழலும் சின்ன ஏ.டி.ஆர். கூடுதல் பெட்டிக்குப் பணம் கட்டினாலும் அன்றைய எடையைப் பார்த்து ஏற்றமாட்டேன் என்று சொல்லக்கூடும். திருச்சி-கொழும்பு பெரிய விமானம், ஆனால் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீட்டர், ராத்திரி பஸ்ஸில் மூட்டையோடு. கப்பல்தான் நமக்குக் கை கொடுக்கும். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் ஒரு டெம்போ தூரம், அங்கிருந்து காங்கேசன்துறை நாலு மணி நேரம் போல, இறங்கி யாழ்ப்பாணம் டவுனுக்கு ஒரு வேன். ஆனால் அது பயணிகள் கப்பல், சரக்குக் கப்பல் இல்லை. எடை வரம்பும் கட்டணமும் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் நின்றுவிடும்: 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி ஒரு வாரத்தில் நின்றது, 2024 ஆகஸ்ட்டில் திரும்ப ஓடி நவம்பரில் நின்று, 2025 பிப்ரவரியில் மறுபடி கிளம்பியது. ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் விமானத்தை நினைத்துப் பட்டியலைப் பாதியாக்கிக்கொள்ளவேண்டும். தூத்துக்குடியிலிருந்து கன்டெய்னர் பங்கு வாங்குவது நூறு கிலோவுக்குக் கட்டாது, கொழும்பில் ஏஜென்ட், துறைமுக வாடகை என்று சாமான் விலையைத் தாண்டிவிடும்.

ஒரு கடிதம் மட்டும் கட்டாயம். பள்ளி முதல்வர் கையெழுத்தோடு, பள்ளி லெட்டர்பேடில், என்னென்ன பொருள் எத்தனை, அன்பளிப்பு, விற்பனைக்கு அல்ல என்று எழுதி, முடிந்தால் அந்த வலயக் கல்விப் பணிமனையின் ஒப்புதலோடு. ஒரே மாதிரிப் பந்து முப்பது பார்த்தால் எந்தச் சுங்க அதிகாரியும் வியாபாரி என்றுதான் நினைப்பார். பெட்டி ஒவ்வொன்றின் உள்ளேயும் அந்தக் கடிதத்தின் நகலும் அந்தப் பெட்டிக்கான பொருள் பட்டியலும் இருக்கட்டும். பெட்டிகளை ஒரே ஆள் பெயரில் போடாமல் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் திண்ணையில் மிச்சம் நிற்கும், அந்த டென்னிஸ் பால் பேட், படம் போட்ட ஜெர்சி, கோணல் பந்து எல்லாம். கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுத்தால் வருத்தப்படுவார். பேட்டை உள்ளூர்ப் பையன்களுக்குக் கொடுத்துவிடலாம், ஜெர்சியும் போகும். கோணல் பந்தை யாரும் கேட்கமாட்டார்கள்.