அலுமினியம் துருப்பிடிக்குமா? 75 டாலர் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்

பென்சில்வேனியாவில் வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் போகிற தமிழர்கள் நாலைந்து பேர்தான் இருப்போம். அதில் ஒருவர் பணமாவது மிஞ்சட்டும் என்று எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: இங்கே வசந்தத்தில் வான்கோழியைப் பதுங்கிப் பின்தொடர்ந்து சுடக் கூடாது. ஓரிடத்தில் உட்கார்ந்து, பெட்டையின் குரலில் கூப்பிட்டு, சேவலைத் தானாக வரவழைக்க வேண்டும் என்பது சட்டம். மே 1-ஐ ஒட்டிய சனிக்கிழமை சீசன் தொடங்குகிறது. முதல் பாதியில் நண்பகலோடு அன்றைய வேட்டை முடிந்துவிடும். அழைப்பான் சரியில்லை என்றால் கொசுக்கடிதான் மிச்சம்.

நான் வாங்கியது பாட் கால். கால் என்றதும் காலைப் பார்க்காதீர்கள், கூப்பிடுகிற கருவி. உள்ளங்கையளவு வட்டக் கிண்ணம். மேலே ஸ்லேட், கண்ணாடி அல்லது அலுமினியத் தகடு. அதன்மேல் ஒரு குச்சியைத் தேய்த்தால் பெட்டை கூப்பிடுகிற மாதிரியே ஒலி வரும். ஸ்லேட்டின் குரல் மென்மையானது. அலுமினியத்தின் குரல் கூர்மை, உயரம். காற்றடிக்கிற நாளிலும் தூரத்துக்குப் போகும். எங்கள் பக்கம் மேட்டு நிலம், காலை எட்டு மணிக்கே காற்று கிளம்பிவிடும். அதனால்தான் அலுமினியத்தின் மேல் ஆசைப்பட்டேன்.

பிப்ரவரியில் ஒரு வேட்டைப் பொருள் கண்காட்சி. ஒரு மேஜையில், எல்லாம் தன் கையால் செய்தது என்று ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். அவர் குச்சியை எடுத்து நாலு யெல்ப், ஒரு பர் (இரண்டும் பெட்டையின் குரல் வகைகள்) போட்டதும் நான் விழுந்துவிட்டேன். விலை 85 டாலர், ரொக்கமென்றால் 75. கொடுத்தேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை. அவர் வாசித்துக் காட்டியது ஒன்று, மேஜைக்கு அடியிலிருந்து உறையோடு எடுத்துக் கொடுத்தது வேறொன்று. அதுவும் அப்போது உறைக்கவில்லை. “வீட்டுக்குப் போனதும் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துக்கொள், அப்புறம்தான் குரல் திறக்கும்” என்றார்.

அது பொய்யான அறிவுரையும் இல்லை. தகட்டின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால்தான் குச்சி பிடிக்கும். ஒரே திசையில் தேய்த்து, அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே வாசிக்க வேண்டும். விரல் படக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடும். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். குரல் வந்தது, ஆனால் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி ஒரு வறட்டுக் குரல். கிண்ணத்தை உள்ளங்கையில் அமுக்கிப் பிடித்தால் அடித்துளைகள் மூடி ஒலி செத்துவிடும் என்பார்கள். விரல் நுனிகளில் ஏந்தியும் பார்த்தேன். வட்டத்தைச் சிறிதாக்கினேன், ஓரத்துக்குப் போனேன், நடுவுக்கு வந்தேன். இரண்டு மாதம் என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் என்னைவிட அதிகமாகக் குறை சொன்னார்கள், அது வேறு காரணத்துக்கு.

சீசன் முதல் நாள், விடியற்காலை. மரத்தில் அடைந்திருந்த சேவல் ஒன்று தானாகவே குரல் கொடுத்தது. நூற்றைம்பது கஜம்தான் இருக்கும். நான் தேய்த்தேன். குச்சி வழுக்கி ‘கிறீச்’ என்றது. இன்னொரு தடவை, அதே கிறீச். சேவல் கீழே இறங்கி எதிர்த்திசையில் போய்விட்டது. பனியில் மரக்குச்சி நனைந்தால் வழுக்கத்தான் செய்யும், இதற்குத்தான் கார்பன் குச்சி ஒன்றும் வைத்துக்கொள்வார்கள் என்று மறுபடி என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் பையைத் திறந்தால் தகட்டில் பழுப்புப் புள்ளிகள். கையால் தடவினால் ஒட்டுகிறது. துரு! அம்மாவின் சமையலறையில் முப்பது வருஷம் புழங்கிய அலுமினியக் குண்டானில் இப்படியொரு துருவை நான் பார்த்ததே இல்லை. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த மீனாட்சியம்மன் கோபுரக் காந்தத்தை எடுத்து வைத்தேன். ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டது. இரும்புத் தகட்டில் வெள்ளி நிறப் பூச்சு. நான் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து எடுத்தது அந்தப் பூச்சைத்தான்.

வேட்டையில் முப்பது வருஷ அனுபவமுள்ள அலுவலக நண்பரிடம் காட்டினேன். அவர் தகட்டைப் பார்க்கவே இல்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து, அடித்துளை வழியாக டார்ச் அடித்தார். தகட்டுக்குக் கீழே, சிறு தண்டின் மேல், இன்னொரு வட்டம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒலிக்குக் கனம் கொடுப்பது அந்த ஒலிப்பலகைதான். இதில் எதுவும் இல்லை, வெறும் பசைக் கறை. அவர் சிரிக்கவில்லை என்பதற்காகவே அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன்.

உறையிலிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். பணிவாகத்தான் பேசினார். “நீங்கள் உப்புத்தாள் போட்டுவிட்டீர்களா? போட்டதைத் திரும்ப எடுப்பதில்லை, சார்.” தேய்க்கச் சொன்னதே நீங்கள்தானே என்றேன். ரசீது இருக்கிறதா என்றார். அதற்கப்புறம் அந்த எண் எடுக்கப்படவே இல்லை.

யாராவது இதே மாதிரி வாங்கப் போனால், விற்பவர் வாசித்துக் காட்டிய அதே கிண்ணத்தை, அதே குச்சியோடு, உங்கள் கையால் வாசித்துப் பார்த்து அதையே வாங்குங்கள். சட்டைப்பையில் காந்தம் இருக்கட்டும். அடித்துளையில் டார்ச் அடிக்க விடாதவரிடம் பேசிக்கொண்டே நிற்காதீர்கள். ரொக்கத் தள்ளுபடியில் எனக்கு மிஞ்சியது பத்து டாலர். கார்டில் கொடுத்திருந்தால் வங்கியிடமாவது முறையிட்டிருக்கலாம்.

மிச்ச சீசனை நண்பரின் பழைய ஸ்லேட்டோடு ஓட்டினேன். கடைசி வாரம் ஒரு சேவல் நாற்பது கஜம் வரை வந்தது. நான் தும்மிவிட்டேன். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.