ரோம் ஸ்டைல் அரிசி அடைச்ச தக்காளி: பல வருஷமா செஞ்ச அனுபவம்

ஓவன்ல காய் ஸ்டஃப் பண்றதுன்னாலே குடைமிளகாய்க்குள்ள சீஸை திணிக்கிறதுதான்னு ஆயிடுச்சு, ஆனா இத்தாலி ஐட்டம் ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி செஞ்சு பாத்ததுல எங்க வீட்ல நிலைச்சு நின்னது ரோம் பக்கத்து போமதோரி கோல் ரீசோ தான், அதாவது அரிசி அடைச்ச தக்காளி. அங்க கோடை வந்தா சமைச்ச சாப்பாடு விக்கிற கடைல எல்லாம் பெரிய ட்ரேல உருளைக்கிழங்கோட வச்சிருப்பாங்க. சீஸும் கிடையாது கறியும் கிடையாது.

பழுத்த ஆனா கெட்டியான பெரிய தக்காளியா வாங்கி, மேல மூடி மாதிரி வெட்டி வச்சுட்டு உள்ள இருக்கிறத ஸ்பூனால சுரண்டி எடுத்து அரைச்சுக்கணும். அதுல ஒரு தக்காளிக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் கணக்குல ஆர்போரியோ அரிசி (குண்டு குண்டா இருக்கிற இத்தாலி அரிசி), வேக வைக்காம அப்படியே, கூட பூண்டு, கிள்ளிப் போட்ட பேசில் இலை (துளசி இனத்து வாசனை இலை), உப்பு, ஆலிவ் ஆயில் தாராளமா. அரை மணி நேரமாவது ஊறட்டும். சில பேர் சோறு வடிச்சு அடைக்கிறாங்க, தயவுசெஞ்சு வேணாம், அரிசி அந்த சாறையே குடிச்சு வேகுறதுலதான் மொத்த ருசியும் இருக்கு. பாஸ்மதியும் வேணாம், உதிரி உதிரியா நிக்கும், அந்த குழைவு வராது.

தக்காளிக்குள்ள முக்கால்வாசிதான் நிரப்பணும், அரிசி உப்பி வரும்ல. வெட்டி வச்ச மூடியை மேல வச்சுடுங்க. சுத்தி உருளைக்கிழங்கை சின்னதா நறுக்கி எண்ணெய் உப்பு போட்டு பரப்பி, மிச்ச சாறையும் ஊத்தி 180 டிகிரில ஒரு மணி நேரம், சில சமயம் இன்னும் கொஞ்சம். தக்காளி தோல் சுருங்கி மூடி ஓரம் லேசா கருகி, வழிஞ்ச சாறு கிழங்கு ஓரத்துல பிசுபிசுன்னு ஒட்டிப் பிடிச்சிருக்கும் பாருங்க, எங்க வீட்ல அதுக்குத்தான் போட்டியே. சூடா சாப்பிடாதீங்க, ஆறினப்புறம்தான் அரிசி செட் ஆகி பூண்டு வாசனை இறங்கும்.

இத்தாலியோட சிசிலி தீவு பக்கம் குடைமிளகாய்ல பிரெட் க்ரம்ஸ், உப்புல போட்ட நெத்திலி, கேப்பர்ஸ் (ஊறுகாய் மாதிரி போட்ட சின்ன பூ மொட்டு), உலர் திராட்சை வச்சு செய்வாங்க, அதுக்கு என்கிட்ட ரெண்டாவது இடம். வட இத்தாலி ஊரான ஜெனோவா ஸ்டைல்ல சுக்கினி (வெள்ளரி மாதிரி இருக்கிற காய்), வெங்காயத்தை முதல்ல வேக வச்சு குடைஞ்சு, அந்த சதையோட முட்டை, பர்மேசான் சீஸ், பால்ல நனைச்ச பிரெட் சேத்து அடைக்கணும், வேலை ஜாஸ்தி ஆனா விருந்தாளி வந்தா கண்டிப்பா செய்வேன். அதுக்கு உயிரே மார்ஜோரம்ங்கிற வாசனை இலைதான், கிடைக்கலன்னா கிடைக்கிற அன்னிக்கு செய்யுங்க, ஓரிகனோ போட்டா வேற ஐட்டமா ஆயிடுது.