பெரனாக்கான் அரும்பொருளகம்: சம்பந்தியோடு சென்று பார்க்க வேண்டிய இடம்

வெளியிலிருந்து வந்த வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகத்தாரைப் பெரனாக்கான்கள் என்பார்கள். சிங்கப்பூரில் ஆர்மீனியன் தெருவிலுள்ள பெரனாக்கான் அரும்பொருளகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கெபாயா என்னும் மேற்சட்டை, மணி கோத்த செருப்பு, பீங்கான் இவற்றின் அழகையே எழுதுகிறார்கள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் திருமணமானபின் யார் யார் வீட்டில் வாழ்ந்தார்கள், அந்த வீட்டை யார் நடத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் சிங்கப்பூரில் எனக்குத் தெரியவில்லை. என் சம்பந்தியம்மாவை அழைத்துச் சென்றதே அதற்காகத்தான்.

நாங்கள் காயல்பட்டினத்து முஸ்லிம்கள். எங்கள் ஊரில் திருமணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்மக்களுக்கே போகும். தெம்பனிஸில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் என் மகளும் மருமகனும் எங்களோடுதான் இருக்கிறார்கள். மருமகன் வீட்டார் கடையநல்லூர் வழி. “பெற்ற பையனை விட்டுக்கொடுத்துவிட்டாயே” என்று உறவினர் யாராவது கேட்டுவிட்டால் சம்பந்தியம்மாவின் முகம் வாடிவிடும். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

2023 பிப்ரவரியில் புதுப்பித்துத் திறந்தபின் இங்கே மூன்று தளங்களில் 800க்கும் அதிகமான பொருள்களை வைத்திருக்கிறார்கள். முதல் தளம் பெரனாக்கான்கள் தோன்றிய வரலாறு, இரண்டாவது வீடு, மூன்றாவது உடையும் நகையும். நேரே இரண்டாம் தளத்துக்கு ஏறிவிடுங்கள். சிவப்பும் பொன்னுமாகச் செதுக்கு வேலை நிறைந்த பினாங்குக் கல்யாணக் கட்டில் ஒன்று இருக்கிறது. அதற்கு உரியவரான அம்மையார் தம் 11 குழந்தைகளில் 7 பேரை அந்தக் கட்டிலில்தான் பெற்றெடுத்தார். இதைப் படித்துச் சொன்னதும் சம்பந்தியம்மா வேறெதையும் பார்க்காமல் அங்கேயே நின்றுவிட்டார். மணமக்களுக்காகச் செய்த கட்டில், பிரசவக் கட்டிலாகவும் இருந்திருக்கிறது. 12 நாள் நடந்த பழைய திருமணத்தின் ஆடம்பரமெல்லாம் முடிந்தபின் ஒரு பெண்ணின் வாழ்க்கை எதைச் சுற்றி நடந்தது என்பதை அந்தக் கட்டில் காட்டுகிறது.

வசதியான பெரனாக்கான் சீனக் குடும்பங்கள் பலவற்றில் மணமகன் பெண் வீட்டில் குடியேறும் வழக்கம் இருந்தது. சீனாவிலிருந்து புதிதாக வந்த உழைப்பாளி இளைஞனுக்கு இங்கே வீடில்லை, உறவில்லை. வணிகம் செய்த மாமனாருக்கோ நம்பிக்கையான ஆள் தேவைப்பட்டது. மகள் தாயை விட்டுப் பிரியாமல் இருந்தாள். அதே சமயம் குடும்பப் பெயரும் முன்னோர் வழிபாடும் ஆண் வழியாகவே தொடர்ந்தன. மலாக்காவை அடுத்த மலேசிய மாநிலமான நெகிரி செம்பிலானில் மரபு நிலம் இன்னும் ஒருபடி மேலே போய்த் தாயிடமிருந்து மகளுக்குச் சேர்கிறது. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, சம்பந்தியம்மா கேட்டது ஒன்றுதான்: “மதினி, பையனைப் பெற்றவள் நினைத்தபோது அந்த வீட்டுக்குப் போய்வர முடிந்ததா?”

இதற்கு எந்தக் காட்சிப் பேழையிலும் விடை தேட முடியாது. என் ஊர்க் கதையைத்தான் சொன்னேன். வாப்பா (அப்பா) சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தால் காலைத் தேநீர் அவருடைய உம்மா (அம்மா) வீட்டில்தான். எங்கள் உம்மா அதை ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் வாப்பா சம்பாதித்ததெல்லாம் என் லாத்தாமாருக்கு (அக்காமாருக்கு) வீடு கட்டவே சரியாகப் போனது என்பதையும் மறைக்கவில்லை. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் மரபு, அந்தப் பாரத்தைத் தகப்பன் மீதும் அண்ணன் தம்பி மீதும் ஏற்றிவைக்கிறது.

தாய் வீட்டிலேயே இருந்ததால் ஞோஞாக்கள், அதாவது பெரனாக்கான் பெண்கள், விருப்பம்போல் வாழ்ந்தார்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். பருவமடையும் வயதிலேயே அவர்கள் வெளியே போவது நின்றுவிடும். சமையலும் மணிவேலையும்தான் படிப்பு. அம்மியிலும் உரலிலும் எழும் ஓசையைக் கேட்டே பெண்ணின் கைத்திறனைக் கணிப்பார்கள் என்பார்கள். மணமகனுக்கு மணிச்செருப்பு தைத்துக் கொடுக்க வேண்டியவளும் அவள்தான். ஏறத்தாழ பத்து லட்சம் கண்ணாடி மணிகள் கோத்த மேசை விரிப்பைப் பார்த்தபோது, அது எத்தனை பகல்களைத் தின்றிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வழக்கறிஞர் அலுவலகத்தில் நெடுங்காலம் எழுத்தராக இருந்தவள் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். 1908இல் இங்கே தீர்ப்பான ‘ஆறு விதவைகள் வழக்கில்’, இறந்துபோன செல்வந்தர் ஒருவரின் மனைவியர் என்று ஆறு பெண்கள் உரிமை கோரினார்கள். சீனர் மரபில் ஒருவருக்குப் பல மனைவியர் இருக்கலாம் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1961இல் மாதர் சாசனம் வந்துதான் முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமானது. பேழைகளில் மின்னும் நகைகளைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தளத்தில் நாங்கள் அதிக நேரம் நிற்கவில்லை. துணி, நகைப் பிரியர்களுக்கு அரை நாளும் போதாது.

தமிழர்கள் முதல் தளத்தைத் தவறவிடக் கூடாது. பெரனாக்கான் என்றால் சீனர் மட்டும் அல்லர். மலாக்காவுக்கு வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான மலாக்கா செட்டிகளும், இந்திய முஸ்லிம்கள் மலாய்ப் பெண்களை மணந்து உருவான ஜாவி பெரனாக்கான்களும் அந்தக் குடும்பத்தில் உண்டு. செட்டிகளிடம் தந்தை வழியாகச் சைவமும் பிள்ளை, நாயக்கர் போன்ற பெயர்களும் நிலைத்தன. வீட்டில் பேசும் மலாயும் சாரோங் கெபாயாவும் தாய் வழி வந்தவை. நாம் தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுமக்கிறோம். ஆனால் பேசுவதும் உண்பதும் தாய் கொடுத்தவை என்பது அங்கே நின்றபோது எனக்கு மிக உறுதியாகத் தெரிந்தது.

முன்பு பெரனாக்கான் வீடுகள் நிறைந்த காத்தோங் பக்கம் கட்டணம் கட்டிச் சென்ற ஒரு நடைச்சுற்றில், வழிகாட்டி வீட்டு முகப்பின் வண்ண ஓடுகளோடு கதையை முடித்துவிட்டார். வீட்டுக்குள் வாழ்ந்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. இங்கே அந்தக் குறை எனக்கு இல்லை.

சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம். வெள்ளிக்கிழமை இரவு 9 மணிவரை திறந்திருப்பதால் வேலை முடிந்தும் போகலாம். சிட்டி ஹால், பிராஸ் பாசா எம்ஆர்டி நிலையங்களிலிருந்து நடக்கும் தூரம்தான். வாசலில் வாகனம் ஓடாத தெரு என்பதால் முதியவர்களை நிதானமாக அழைத்துப் போகலாம். மகனைப் பெற்றவரும் மகளைப் பெற்றவரும் சேர்ந்து போங்கள். பேசுவதற்கு நிறைய இருக்கும்.