கூலிங் போனப்புறம் என்ன மிஞ்சுது? மூணு ஆர்கானிக் லாகரும் ஒரு ஒற்றனும்

நம்ம ஊர்ல பீர் வாங்கப் போனா முதல்ல கேக்குறது என்ன பிராண்டு இருக்குன்னு இல்ல, கூலிங் இருக்கான்னுதான். கூலிங் இருந்தா எதுவா இருந்தாலும் குடுங்கண்ணேன்னு வாங்கிட்டு வந்த ஆளு நான், அந்தப் பழக்கத்தோடதான் நியூ ஜெர்சியிலயும் இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பழக்கம் என்னை நல்லா காலை வாரி விட்டுச்சு.

ஆரம்பிச்சது என் நண்பன் ஒரு மதுரைக்காரன்தான். "மச்சான் இனிமே ஆர்கானிக் பீர் மட்டும்தான்டா, மறுநாள் தலைவலியே வராது"ன்னு ஒரு அருள்வாக்கு. டேய், தலைவலி வர்றது ஆல்கஹால்னாலயும் உடம்புல தண்ணி வத்துறதுனாலயும், அந்த பார்லி எந்த உரம் போட்டு வளந்துச்சுன்னு உன் மண்டைக்குத் தெரியாதுன்னு சொன்னா கேக்கணுமே. சரி, ருசியிலயாவது வித்தியாசம் இருக்கான்னு பாத்துருவோம்னு மூணு ஆர்கானிக் லாகர் (குளிர்ல மெதுவா புளிக்க வைக்கிற பீர் வகை) வாங்கினேன். ஒண்ணு இங்கிலாந்து சாமுவேல் ஸ்மித் ஆர்கானிக் லாகர், இன்னொண்ணு ஜெர்மனி பிங்கஸ் ம்யூல்லர் பில்ஸ் (பில்ஸ், பில்ஸ்னர்ங்கிறதும் லாகர்ல ஒரு வகைதான்), மூணாவது இங்க மூலைக்கு மூலை கிடைக்கிற மிக்கலோப் அல்ட்ரா ப்யூர் கோல்டு. யாருக்கும் சொல்லாம நாலாவதா ஒரு ஒற்றனையும் சேத்தேன், அது ஆர்கானிக்கே இல்லாத செக் நாட்டு பில்ஸ்னர் உர்க்வெல்.

ருசிக்குப் போறதுக்கு முன்னாடி இந்த ஆர்கானிக்னா என்னன்னு கொஞ்சம் சொல்லிடுறேன், ஏன்னா முத்திரையைப் பாத்து மயங்குறவங்க நிறைய பேர். அமெரிக்காவுல விவசாயத் துறையோட யூஎஸ்டிஏ ஆர்கானிக் முத்திரை வேணும்னா தண்ணியும் உப்பும் போக மிச்சப் பொருள்ல எடைக்கு 95 சதவீதமாவது ஆர்கானிக்கா இருக்கணும். இப்ப ஒரு லிட்டர் சாதாரண லாகருக்கு மால்ட், அதாவது முளைக்க வச்சு காய வச்ச பார்லி, கிட்டத்தட்ட 150 இருந்து 200 கிராம் வரைக்கும் போகும், ஹாப்ஸ்ங்கிற கொடியோட பூ போறது சில கிராம்தான். அதாவது கசப்பும் வாசனையும் குடுக்குற சரக்கே அந்த மிச்ச 5 சதவீதத்துக்குள்ள அடங்கிடுது. 2007-ல ஹாப்ஸை விதிவிலக்குப் பட்டியல்ல வேற சேத்துட்டாங்க, ஆர்கானிக் ஹாப்ஸ் கிடைக்கலன்னா சாதா ஹாப்ஸ் போட்டுக்கலாம்னு. ஆர்கானிக்கா ஹாப்ஸ் பயிர் பண்ணவங்க எங்க சரக்கை யாரு வாங்குவான்னு சண்டை போட்டு, 2013 ஜனவரி 1-லருந்து அந்தச் சலுகை போச்சு. ஆக அதுக்கு முன்னாடி இங்க ஆர்கானிக் பீர்னு குடிச்சது பலதுல ஹாப்ஸ் சாதா ஹாப்ஸா இருந்திருக்க வாய்ப்பு நிறைய.

பார்லி அவ்வளவு கஷ்டம் இல்லைங்க. மால்ட் போடுற பார்லியில நைட்ரஜன் கம்மியா இருக்கணும்னுதான் எல்லா ப்ரூவரியும் (பீர் காய்ச்சுற ஆலை) கேக்கும், அதனால யூரியா கொட்டாத வயலுக்கு அது ஒத்துப் போயிடும். ஹாப்ஸ்தான் தலைவலி புடிச்ச கொடி, ஆளை விட மூணு நாலு மடங்கு உயரத்துக்குக் கயித்துல ஏறும், பூஞ்சை வரும், அசுவினி வரும், சிலந்திப் பேன் வரும், மருந்து அடிக்காம அதைக் காப்பாத்துறது நம்ம ஊர்ல மருந்தில்லாம கத்திரிக்காய் போடுற மாதிரி.

இப்ப ஏற்பாடு. ஊத்துற வேலை வீட்டம்மா கையில, அவங்க குடிக்க மாட்டாங்க, ஆனா பால் திரிஞ்சிருக்கான்னு மூடி திறக்காமலே சொல்ற மூக்கு அவங்களுக்கு. கிளாசுக்கு அடியில டேப் ஒட்டி நம்பர் போட்டு கிச்சன்லருந்து கொண்டு வந்து வச்சாங்க. கிளாசு நாலும் ஒரே மாதிரி, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாதுன்னு நானே கழுவினேன். கிளாஸ் உள்பக்கம் அங்கங்க குமிழி ஒட்டிக்கிட்டு நின்னா கிளாஸ் சுத்தமில்லன்னு அர்த்தம், நுரையும் சீக்கிரம் செத்துரும். மதுரைக்காரன் காரசேவு பொட்டலத்தோட வந்தான், வாசல்லயே பறிமுதல். காரம் நாக்குல ஏறிட்டா அப்புறம் பீரும் ஒண்ணுதான் சோடாவும் ஒண்ணுதான். வெறும் பிரெட்டும் தண்ணியும்தான் சைட் டிஷ், அவன் மூஞ்சியைப் பாக்கணுமே. மூணாவது ஆளு எங்க சைவ நண்பர், முட்டை கூட தொட மாட்டார், பீர் மட்டும் பார்லித் தண்ணி கணக்கு.

இன்னொண்ணு, ஒயின் மாதிரி வாயில கொப்புளிச்சுத் துப்பக் கூடாது. கசப்பு முழுசா தெரியுறது தொண்டையில இறங்கினப்புறம்தான், அதனால முழுங்கியே ஆகணும். இந்த விதியை மட்டும் மூணு பேருமே மறுபேச்சு பேசாம ஏத்துக்கிட்டோம்.

முதல் ரவுண்டு, பிரிட்ஜ்லருந்து எடுத்த உடனே, நல்ல சில்லுன்னு. ரெண்டாம் நம்பர் கிளாசுக்கு ரெண்டு ஓட்டு, அதுல ஒண்ணு என்னோடது, எழுதியும் வச்சிருக்கேன், "சுத்தமா இருக்கு, இறங்குறதே தெரியல". மத்த மூணும் சில்லுன்னு இருக்கிறப்ப கொஞ்சம் முரட்டுத்தனமாத்தான் பட்டுச்சு. ஒரு கிளாஸ்ல கசப்பு மட்டும் துருத்திக்கிட்டு நின்னுச்சு, இன்னொண்ணுல ஏதோ பிரெட் ஓரம் மாதிரி வாசனை ஆனா வெளிய வரமாட்டேங்குது. இத்தோட முடிச்சிருந்தா ரெண்டாம் நம்பர்தான் சாம்பியன், நானும் அதைத்தான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பேன்.

ஆனா ஒவ்வொரு கிளாஸ்லயும் கால் பங்கு விட்டு வச்சோம், பேச்சு கிரிக்கெட்டுக்குப் போச்சு, அரை மணி நேரம் ஓடிருச்சு. திரும்ப எடுத்துக் குடிச்சா ரெண்டாம் நம்பரைக் காணோம். நெஜமா சொல்றேன், லேசா சோறு வடிச்ச கஞ்சித் தண்ணி ஆறிப் போன மாதிரி ஒரு வாசனை, அவ்வளவுதான். கெட்ட ருசின்னு சொல்லல, ருசின்னு ஒண்ணு இருந்தாத்தானே கெட்டதுன்னு சொல்ல.

டேப்பைத் திருப்பிப் பாத்தா அது மிக்கலோப் ப்யூர் கோல்டு. அதைக் குத்தம் சொல்றதுல நியாயம் இல்ல, 2018-ல வந்தப்பவே அதுக்காகத்தான் வந்துச்சு. 12 அவுன்ஸுக்கு 85 கலோரி, கார்ப் 2.5 கிராம், ஆல்கஹால் 3.8 சதவீதம். 2019 சூப்பர் பௌல் மேட்ச்ல காதுக்குள்ள கிசுகிசுன்னு பேசி பாட்டிலை நகத்தால தட்டுற விளம்பரம் வந்துச்சே, அதே பீர்தான். கார்ப் கம்மி பண்ணணும்னா மால்ட்ல இருக்கிற மாவுச்சத்தை முடிஞ்ச வரைக்கும் சின்னச் சின்ன சர்க்கரையா உடைச்சு எல்லாத்தையும் ஈஸ்ட் தின்னுற மாதிரி பண்ணணும், அப்ப நாக்குல கனமா உக்கார்ற சமாச்சாரம் எதுவும் மிஞ்சாது. புல்லு வெட்டிட்டு வேர்த்து வந்து நிக்கிறப்ப இதை அடிச்சுக்க ஆளில்ல, உக்காந்து பேசிக்கிட்டே குடிக்கத்தான் ஆகாது.

சாமுவேல் ஸ்மித் அப்படியே நேர் எதிர். யார்க்‌ஷையர்ல டாட்காஸ்டர்னு ஒரு சின்ன ஊரு, 1758-லருந்து அங்க ப்ரூவரி ஓடுது, அந்த வருஷம் தோண்டின கிணத்துத் தண்ணியைத்தான் இன்னும் இறைக்கிறாங்க, 85 அடி ஆழம். ஊருக்குள்ள சப்ளை பண்ண குதிரை வண்டி கூட வச்சிருக்காங்க. எய்ல்ங்கிற இன்னொரு பீர் வகைக்குப் பேர் போன இடம், அங்கருந்து லாகரான்னு எனக்கு முதல்ல ஒரு சந்தேகம். லாகர்னா ஜெர்மன்ல கிடங்கு, போட்டு வைக்கிறதுன்னு அர்த்தம். எய்ல் 20 டிகிரி பக்கத்துல சட்டுபுட்டுன்னு புளிச்சிடும், லாகர் ஈஸ்டுக்கு 10 டிகிரி பக்கம் வேணும், அப்புறம் வாரக்கணக்குல கிட்டத்தட்ட ஜீரோ டிகிரியில தூங்கணும், அவசரப்பட்டா வெண்ணெய் வாசனையும் பச்சை ஆப்பிள் வாசனையும் அப்படியே தங்கிடும்.

இதுல அந்த ரெண்டும் இல்ல. 5 சதவீதம், நிறம் நல்ல பொன் நிறம். சூடேற ஏற மால்ட் வாசனை மெல்ல மேல வந்துச்சு, எப்படின்னா மேரி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்ச உடனே ஒரு வாசம் வருமே, அதுக்குக் கொஞ்சம் தேன் தடவின மாதிரி. கசப்பு முன்னாடி வந்து நிக்காம முழுங்கினப்புறம் நாக்கு ஓரத்துல புல்வாசனையோட லேசா தங்குது. வீட்டம்மா மோந்து பாத்துட்டு "இதுல மட்டும்தான் தானியம்னு ஒண்ணு போட்டிருக்குறது தெரியுது"ன்னாங்க. என் நோட்ல நான் ஒரு பக்கம் கிறுக்கினதை அவங்க ஒரே வரியில முடிச்சிட்டாங்க.

சைவ நண்பருக்கு இதுல கூடுதல் சந்தோஷம். பிரிட்டிஷ் எய்ல் பலதுல கலங்கலைத் தெளிய வைக்க மீனோட காத்துப்பையிலருந்து எடுக்குற ஐசிங்ளாஸ்னு ஒண்ணைப் போடுறது வழக்கம், அது லேபிள்லயும் இருக்காது. இந்த லாகர்ல அது இல்ல, வீகன் சொசைட்டியில பதிஞ்சிருக்காங்க. இதைச் சொன்னதும் மனுஷன் "அப்ப இத்தனை வருஷம் நான் குடிச்சது?"ன்னு கேட்டாரு. லாகர் பெரும்பாலும் ஃபில்டர்தான் பண்ணுவாங்க பயப்படாதீங்கன்னு தேத்தினேன், முழுசா நம்பின மாதிரி தெரியல.

பிங்கஸ் ம்யூல்லர்தான் எங்களுக்குள்ள சண்டை மூட்டின கிளாஸ். ம்யூன்ஸ்டர்ல 1816-லருந்து இருக்கிற குடும்ப ப்ரூவரி, உலகம் ஆர்கானிக்னு பேச ஆரம்பிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி, 80கள்லயே அந்தப் பக்கம் திரும்பினவங்க. பிங்கஸ்ங்கிறது செல்லப்பேரு, குடும்பத்துல ஒருத்தர் வாலிப வயசுல பந்தயம் கட்டி தெருவிளக்கை ஒண்ணுக்கு அடிச்சே அணைச்சதால வந்த பேருன்னு ஒரு கதை சொல்லுவாங்க, கதை நெஜமோ பொய்யோ, பீர் குடிக்கிறப்ப சொல்றதுக்குன்னே செஞ்ச கதை. ருசிக்கு வந்தா இது வறட்டு ஆளு. இனிப்பு சுத்தமா ஒதுங்கி நிக்குது, கசப்பு நேரா வருது, பச்சை மூலிகையைக் கையில கசக்கின மாதிரி ஒரு வாசனை. சில்லுன்னு இருந்தப்ப கசப்பு மட்டும் துருத்திக்கிட்டு நின்ன கிளாஸ் இதுதான். ஆறினப்புறம் அந்தக் கசப்புக்குப் பின்னாடி பிரெட் மாதிரி ஏதோ வந்து உக்காந்து ரெண்டும் சமாதானம் ஆயிடுச்சு. சைவ நண்பர் இதுக்குத்தான் முதல் இடம் குடுத்தாரு, பாகற்காய் பிட்லை விரும்பிச் சாப்பிடுறவரு, அவருகிட்ட வேற என்ன எதிர்பாக்குறது. மதுரைக்காரன் மூஞ்சியைச் சுளிச்சுட்டான். எனக்கு ரெண்டாவது இடம், ஆனா சாப்பாட்டோடன்னா, அதுவும் மொறுமொறுன்னு வறுத்தது ஏதாவது பக்கத்துல இருந்தா, சாமுவேல் ஸ்மித்தை விட இதைத்தான் எடுப்பேன், அந்தக் கசப்பு எண்ணெயை அப்படியே வெட்டும்.

விலையும் சொல்லணும்ல. வெளிநாட்டுப் பாட்டில் ரெண்டும் ப்யூர் கோல்டை விட நல்லாவே ஜாஸ்தி, பிங்கஸ் எப்பவாவதுதான் கண்ணுல படுது. இறக்குமதிச் சரக்கு வாங்குறவங்க தேதி பாருங்க. ஒரு தடவை ஒரு கடையில, பேர் வேண்டாம், ஜன்னல் ஓரமா வெயில் படுற அலமாரியில இருந்த பச்சை பாட்டில் லாகரை ஆசையா வாங்கிட்டு வந்து திறந்தா ரப்பர் கருகின வாசனை. வெளிச்சம் பட்டா ஹாப்ஸ்ல இருக்கிற கசப்புச் சத்து உடைஞ்சு கந்தக நாத்தம் வந்துரும், பழுப்பு பாட்டில் கொஞ்சம் காப்பாத்தும், பச்சையும் வெள்ளையும் கைவிட்டுரும். பழசானா வேற மாதிரி, மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை. இந்த ரெண்டுக்கும் ஆர்கானிக் முத்திரையால ஒண்ணும் பண்ண முடியாது.

இப்ப ஒற்றன் விஷயம். கடைசியா நான் ஒரு கேள்வி கேட்டேன், இந்த நாலுல ஒண்ணு ஆர்கானிக் இல்ல, எது சொல்லுங்கன்னு. ரெண்டு பேருமே ப்யூர் கோல்டைக் கை காட்டினாங்க. சரி, நாலுல ரொம்ப ஆர்கானிக்கா படுறது எதுன்னா ரெண்டு பேரும் ஒரே குரல்ல காட்டினது உர்க்வெல்லை. "இதுல ஒரு மண்வாசனை இருக்கு மச்சான், ரசாயனம் போட்டா இப்படி வராது"ன்னு மதுரைக்காரன் விளக்கம் வேற. 1842-ல செக் நாட்டு பில்சென் ஊர்ல பிறந்த பீர், சாட்ஸ்னு அந்த நாட்டு ஹாப்ஸ் வகை, மால்ட் கூழ்ல ஒரு பகுதியை எடுத்து தனியா கொதிக்க வச்சு திரும்பக் கலக்குறதை மூணு தடவை பண்றாங்க, அந்த மண்வாசனை அந்த அடுப்பு வேலையிலருந்தும் ஹாப்ஸ்லருந்தும் வந்தது. 4.4 சதவீதம்தான், ஆறின கிளாஸ்ல பாத்தா நாலுலயும் கனமா நின்னது அதுதான், லேசா வெண்ணெய் வாசனை கூட இருக்கு, மத்த லாகர்ல அதைக் குறைன்னு சொல்லுவேன், இதுல அது ஒரு அழகு.

ஒற்றன்னு சொன்னதும் மதுரைக்காரன் முதல்ல நம்பல, அப்புறம் கேனை வாங்கித் திருப்பித் திருப்பி முத்திரையைத் தேடினான். அப்புறம் காரசேவு பொட்டலத்தை எங்க வச்சேன்னு கேட்டான்.

ஆர்கானிக்லயே வாங்கணும், வயலுக்கும் மண்ணுக்கும் நல்லதுன்னு நினைக்கிறவங்களுக்கு என் ஓட்டு சாமுவேல் ஸ்மித். அடுத்த வாரமும் அதையேதான் வாங்கினேன். பிரிட்ஜ்லருந்து எடுத்து பத்து நிமிஷம் மேஜையில வச்சுட்டுத்தான் இப்பல்லாம் திறக்குறேன், வீட்டம்மா தாண்டிப் போறப்ப ஒரு தடவை மோந்து பாத்துட்டுப் போறாங்க. மதுரைக்காரன் வர்ற அன்னிக்கு மட்டும் ரெண்டு பாட்டில் நேரா ஃப்ரீசருக்குப் போகும், வாசல்ல செருப்பைக் கழட்டுறப்பவே கேக்குறான், கூலிங் இருக்கான்னு.