படி ஏறாம பாக்கலாம்: அண்ணா நகர் கேலரியில உடம்பு பத்தின கண்காட்சி

அண்ணா நகர்ல ஒரு பழைய வீட்டோட கீழ்தளத்தை ஆர்ட் கேலரியா மாத்தியிருக்காங்க, வாசல்ல போர்டு கூட இல்ல, விசாரிச்சுத்தான் போகணும். இப்ப அங்க உடம்பு, நோய், ஊனம் இத வெச்சு ஒரு கண்காட்சி ஓடுது. எங்க அக்காவ கூட்டிட்டுப் போயிருந்தேன். அக்காவுக்குச் சின்ன வயசுல போலியோ, எடது கால்ல காலிப்பர்னு காலத் தாங்குற கம்பிக் கட்டு, இப்ப கொஞ்ச வருஷமா தூரம்னா வீல்சேர்தான். அதனால எங்க போனாலும் மொதல்ல என் கண்ணு வாசப்படிக்குத்தான் போகும், நம்ம ஊர்ல பாதி இடம் அங்கனயே முடிஞ்சிரும், மூணு படி இருக்கும் கைப்பிடி இருக்காது, உடனே நாலு பேரு ஓடிவந்து "தூக்கி விட்டுருவோம்க்கா"ம்பாங்க, அக்காவுக்கு அதுதான் சுத்தமா பிடிக்காது.

இங்க ராம்ப் இருக்கு, அதுவும் பேருக்கு ஒரு பலகைய செங்குத்தா சாய்ச்சு வெக்கல. ஒரு அடி ஒசரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும்ங்கிறது கணக்கு, அந்தக் கணக்குக்குச் சரியா சிமெண்ட்ல போட்டிருக்காங்க, அக்கா யாரையும் தள்ளச் சொல்லாம தானே உருட்டிட்டு ஏறிட்டாங்க. உள்ள படமெல்லாம் உக்காந்திருக்குறவங்க கண்ணு மட்டத்துக்கு மாட்டியிருக்கு, நின்னு பாக்குற நாமதான் குனியணும். நியூயார்க்ல பார்க் மெக்ஆர்தர்னு வீல்சேர்ல இருக்குற ஒரு ஆர்டிஸ்ட் 2014ல வெறும் ராம்ப்புகள மட்டும் கொண்டாந்து கேலரித் தரைல வரிசையா போட்டு அதையே கண்காட்சியா வெச்சாங்க. படிக்கும்போது இதுல என்ன கலை இருக்குன்னு தோணலாம், அக்கா ஏறி முடிச்சப்ப அவங்க மூஞ்சிய பாத்திருந்தீங்கன்னா தோணாது.

எல்லாத்தையும் விட நான் நின்னு பாத்தது நடு ரூம்ல இருக்குற தகடு வேலைதான். நம்ம ஊர்ல மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டு வாங்கிப் போடுவோம்ல, வெள்ளித் தகட்டுல கை, கால், கண்மலர், அதே மாதிரி, ஆனா ஒவ்வொண்ணும் முழங்கை நீளத்துக்கு. கோயில் வாசல்ல விக்கிற கால் எல்லாம் நேரான கால், வலி போயி சரியான பெறகு எப்படி இருக்கணுமோ அப்படி. இங்க ஒரு பொண்ணு தன்னோட சூம்பின காலையே அப்படியே தகட்டுல அடிச்சு வெச்சிருக்காங்க, பக்கத்துல டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைச்ச ஒரு கை, ஆபரேஷன் தழும்போட ஒரு வயிறு. சாமிகிட்ட எதையும் கேக்கல, இது என் காலுன்னு மட்டும் சொல்லுது. அக்கா அந்தக் கால்கிட்டயே ரொம்ப நேரம் இருந்தாங்க. அப்பறம் "அம்மா எனக்கு எத்தன கால் வாங்கிப் போட்டுச்சுன்னு கணக்கே இல்லடி, ஒண்ணு கூட என் கால் மாதிரி இல்ல"ன்னாங்க. 2014லயே இந்தியாவுல போலியோ இல்லைன்னு சான்று வாங்கியாச்சு, அந்த விளம்பரம், அந்த சொட்டு மருந்து கேம்ப் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, ஆனா போலியோ வந்தவங்க இன்னும் நம்ம வீடுகள்லதான் இருக்காங்க, அவங்கள பத்தி எங்கயும் பேச்சே வர்றதில்ல.

கடைசி ரூம்ல எல்லாத்தையும் தொட்டுப் பாக்கலாம், லைட்ட கம்மி பண்ணி வெச்சிருக்காங்க. மூட்டு வாதம் வந்து விரல் கோணிப்போன கைகள பிளாஸ்டர்ல அச்செடுத்து வெச்சிருக்கு. தொட்டதும் எனக்கு அரவிந்த் கண் ஆஸ்பத்திரி டாக்டர் வெங்கடசாமி ஞாபகம்தான் வந்துச்சு. முடக்குவாதத்துல கோணின விரல வெச்சுக்கிட்டே ஒரு லட்சம் கண் ஆபரேஷனுக்கு மேல பண்ணின மனுஷன், அந்த ஆஸ்பத்திரிய 1976ல 11 பெட்டோட ஆரம்பிச்சாரு. வங்காளத்துல பினோத் பிஹாரி முகர்ஜின்னு பெரிய ஓவியர், அவருக்கு 1950கள்ல கண்புரை ஆபரேஷன் தோத்துப்போயி இருந்த கொஞ்சப் பார்வையும் போயிருச்சு, ஆனா கைய நிறுத்தல, காகிதத்த வெட்டி ஒட்டுனாரு, 1972ல சாந்திநிகேதன்ல டைல்ஸ்ல ஒரு சுவர் முழுக்கப் பண்ணுனாரு. இவங்கள நாம எப்பவும் "இவ்ளோ கஷ்டத்துலயும் சாதிச்சாங்க"ன்னே சொல்றோம், அந்தக் கோணின விரல்தான் அவர் வேலை செஞ்ச விரல், பார்வை இல்லாத அந்தத் தடவல்தான் அவர் வரஞ்ச விதம்னு இந்த ரூம்ல கையால தொடும்போதுதான் புரியுது.

எனக்குப் பிடிக்காததையும் சொல்லிருறேன். ஆஸ்பத்திரி வார்டு சத்தத்த ரெக்கார்ட் பண்ணி ஹெட்போன்ல கேக்க வெச்சிருக்காங்க, காது கேக்காதவங்களுக்கு அதை எழுதி வெச்சிருக்கணும், இப்படி ஒரு கண்காட்சில அது இல்லைன்னா எப்படி? மாத்திரை அட்டைய ஒட்டி ஒட்டி ஒரு முகம் பண்ணியிருக்காங்க, அது பாத்ததும் முடிஞ்சுபோச்சு. பாத்ரூம் கதவு அகலம் பத்தல, வீல்சேர் நொழையாது, இவ்ளோ யோசிச்சவங்க இத விட்டுட்டாங்களேன்னு எனக்கு உண்மையிலேயே வருத்தம், அங்க இருந்த தம்பிகிட்டயே சொல்லிட்டு வந்தேன், அடுத்ததுக்குள்ள சரி பண்ணிருவோம்க்கான்னாரு.

டிக்கெட் 50 ரூபா, வீல்சேர்ல வர்றவங்களுக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் ஃப்ரீ. விளக்கம் எல்லாம் நல்ல தமிழ்ல பெரிய எழுத்துல இருக்கு. சின்னப் புள்ளைங்கள தாராளமா கூட்டிட்டுப் போலாம், தழும்பு எல்லாம் பாத்து கேள்வி கேக்கும், கேக்கட்டும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூட்டம் நெருக்குது, உருட்டிட்டுத் திரும்ப எடம் இருக்காது, வார நாள்ல தெறந்ததும் போயிருங்க. வீட்ல வெளிய போகாமலே இருக்குறவங்க யாராச்சும் இருந்தா அவங்களத்தான் மொதல்ல கூட்டிட்டுப் போங்க, போறதுக்கு முன்னாடி ராம்ப் பக்கம் பைக் நிக்காம பாத்துக்கச் சொல்லி ஒரு போன் போட்டுருங்க.